புள்ளி எந்தத் திகதியில் உறுதியாகிறது? திறன்சார் குடியேற்ற விதி மாற்றங்களை எதிர்கொள்ளும் முறை

திறன்சார் தொழிலாளர்களைப் புள்ளிப்படி பட்டியலிட்டு, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க அழைப்பு அனுப்புவது கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை. 2025 மார்ச் 25 அன்று அந்த முறையில் ஜொப் ஒஃபருக்கான மேலதிகப் புள்ளிகள் நீக்கப்பட்டன. அதுவரை உயர் முகாமைத்துவப் பதவிகளுக்கு 200 புள்ளிகளும் ஏனைய திறன்சார் வேலைகளுக்கு 50 புள்ளிகளும் கிடைத்து வந்தன. பட்டியலில் காத்திருந்தவர்கள் அந்தப் புள்ளிகளை இழந்தார்கள். அதற்கு முன்பே அழைப்புப் பெற்றிருந்தவர்களுக்கும், விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தவர்களுக்கும் ஒரு புள்ளியும் குறையவில்லை. ஒரே கல்வி, ஒரே அனுபவம், ஒரே ஜொப் ஒஃபர் உள்ள இருவரைப் பிரித்தது ஒரு திகதிதான்.

அந்த மாற்றம் திடீரென வந்ததும் இல்லை. 2024 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். மூன்று மாத அவகாசத்தில் மொழிப் பரீட்சையை மீண்டும் எழுதியிருக்கலாம், ஒரு மாகாண அரசு தானே ஆளைத் தெரிந்தெடுக்கும் மாகாண நியமனத்துக்கு முயன்றிருக்கலாம். கொழும்பில் இத்தகைய செய்திகள் பெரும்பாலும் முகவர் வழியாக, நடைமுறைக்கு வந்த பிறகே காதுக்கு எட்டுகின்றன. "எத்தனை புள்ளி வேண்டும்?" என்று கேட்பவர்களில் வெகு சிலரே "என் புள்ளி எந்த நாளில் கணக்கிடப்படும்?" என்றும் கேட்கிறார்கள். விதி மாறும் காலத்தில் இரண்டாவது கேள்வியே பெரியது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களில் சித்தியடைவது தகைமை. பல்கலைக்கழகத்துக்கு எடுபடுவது அந்த ஆண்டின் இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைப் பொறுத்தது. குடியேற்றப் புள்ளிகளும் அப்படித்தான். கனடாவின் திறன்சார் தொழிலாளர் பிரிவுக்கு 100இல் 67 என்பது தகைமை. அதைத் தாண்டிப் பட்டியலுக்குள் போனவர்களை 1200 புள்ளிகளுக்கு வரிசைப்படுத்துவது சீ.ஆர்.எஸ். என்ற வேறொரு கணக்கு. அவுஸ்திரேலியாவில் 65 என்பது தகைமை. 2018 ஜூலை 1 வரை அது 60 ஆக இருந்தது. 65 எடுத்தவருக்கு அழைப்பு வரும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. கணக்காளர், மென்பொருள் பொறியியலாளர் போன்ற நெரிசல் மிகுந்த தொழில்களில் அழைப்புப் புள்ளி 65ஐ விட வெகு உயரத்தில் நிற்கிறது. "தகைமை இருக்கிறது" என்ற முகவரின் பேச்சைக் கேட்டுப் பணம் கட்டுவோர் ஏமாறும் இடம் இதுவே. முகவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது தகைமையைப் பற்றிய பேச்சு, அழைப்பைப் பற்றியது அல்ல.

மாற்றங்களும் மூன்று வகையாக வருகின்றன. புள்ளிகளின் அளவு மாறுவது கண்ணுக்குத் தெரியும். யாரை அழைப்பது என்பது மாறுவது அடுத்தது: 2023 முதல் கனடா தொழில், மொழி அடிப்படையில் தனிச் சுற்றுகள் நடத்துகிறது. 2025இல் பெரும்பாலான அழைப்புகள் மாகாண நியமனம் பெற்றவர்கள், கனடாவுக்குள் ஏற்கெனவே வேலை செய்தவர்கள், பிரெஞ்சு தெரிந்தவர்கள், சுகாதாரம் போன்ற சில துறையினர் ஆகியோருக்கே போயின. இங்கிருந்து விண்ணப்பிக்கும் ஒருவரின் புள்ளி அப்படியே இருந்தும் வாய்ப்புச் சுருங்கியது இதனால்தான். மூன்றாவது வகை நடைமுறை மாற்றம். புள்ளியோ அழைப்போ மாறாது, ஒப்படைக்க வேண்டிய ஆவணமோ அதன் ஒழுங்கோ மாறும். பலர் வழுக்கி விழுவது இதில்தான். 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும்போதே மருத்துவப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். முன்பு சமர்ப்பித்த பிறகு கடிதம் வரும், அதன்பின் வைத்தியரிடம் போகலாம். இப்போது அழைப்புக் கிடைத்த பின் உள்ள 60 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட வைத்தியரிடம் நேரம் எடுத்து, குடும்பத்தில் எல்லோருக்கும், கூட வராத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் கூட, பரிசோதனையை முடிக்க வேண்டும். பழைய பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் 55ஆம் நாளில் இதைக் கண்டுபிடிப்பார்.

நாட்டுக்கு நாடு உறுதியாகும் நாள்

கனடாவில் இரண்டு நாட்கள் முக்கியம்: அழைப்பு வந்த நாளும் முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளும். இரண்டிலும் தகைமையும் புள்ளியும் நிலைத்திருக்க வேண்டும். அழைப்பு வந்த பின் பிறந்தநாள் வந்து வயதுப் புள்ளி குறைந்தால் அதற்கு மட்டும் விலக்கு உண்டு. மொழிப் பெறுபேற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் ஆயுள் இரண்டு ஆண்டுகள். அழைப்பு நாளில் செல்லுபடியாகி, விண்ணப்பிக்கும் நாளில் காலாவதியானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கல்விச் சான்று மதிப்பீட்டுக்கு ஐந்து ஆண்டுகள். எனவே மொழிப் பெறுபேற்றில் ஆறு மாதத்துக்குக் குறைவான ஆயுள் மீதமிருந்தால், புள்ளி போதுமானதாக இருந்தாலும் மறுபரீட்சைக்குப் பதிந்துவிடுவது பாதுகாப்பானது.

அவுஸ்திரேலியாவில் எல்லாம் அழைப்பு நாளில் உறுதியாகிறது. வயது 45க்குக் கீழ் இருக்க வேண்டியது அன்று. ஆங்கிலப் பெறுபேறு அந்த நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். தொழில் திறன் மதிப்பீட்டுக் கடிதத்தின் திகதி அழைப்புக்கு முன்னதாக இருக்க வேண்டும். அழைப்பு வந்த பின் பெற்ற கடிதம் எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்கில்செலக்ட் என்ற அவுஸ்திரேலிய இணையப் பதிவில் தற்போதைய வேலையின் முடிவுத் திகதியை வெறுமையாக விட்டால், மாதம் ஏற ஏற முறைமை தானாகவே அனுபவத்தைக் கூட்டிப் புள்ளியை உயர்த்தும். நீங்கள் அந்த வேலையை விட்டிருக்கலாம், அல்லது பொறியியலாளர் பதவியிலிருந்து வேறு வகைப் பதவிக்கு மாறியிருக்கலாம். முறைமைக்கு அது தெரியாது. உயர்ந்த புள்ளியில் அழைப்பு வந்து, ஆவணங்கள் அந்தப் புள்ளியைத் தாங்காவிட்டால் விசா மறுக்கப்படும், கட்டணமும் திரும்பாது. வேலை மாறிய அன்றே உள்ளே போய்த் திகதியை மூடுவது ஐந்து நிமிட வேலை.

அனுபவத்தை எண்ணும் தொடக்கத் திகதியும் அங்கே நீங்கள் நினைப்பதாக இராது. தகவல் தொழில்நுட்பத் துறையினரை மதிப்பிடும் ஏ.சீ.எஸ்., பொருத்தமான பட்டம் இருந்தாலும் பொதுவாக இரண்டு ஆண்டு அனுபவத்தைத் தகைமைக்காகக் கழித்துக்கொள்கிறது. பட்டம் நேரடியாகப் பொருந்தாவிட்டால் கழிவு நான்கு ஆண்டு. கொழும்பில் ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு மிஞ்சுவது மூன்று ஆண்டு. அதற்கு 5 புள்ளி. அவரே 10 புள்ளி என்று பதிந்திருந்தால் மேலே சொன்ன பொறியில் அகப்படுவார்.

பிரித்தானியாவின் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்கு நங்கூரமாக நிற்பது முதலாளி வழங்கும் ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழ். 2024 ஏப்ரல் 4 அன்று பொதுச் சம்பள எல்லை 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணுக்கு ஏறியபோது, அதற்கு முன் சான்றிதழ் வழங்கப்பட்டவர்களின் விண்ணப்பங்கள் பழைய விதியின் கீழேயே தீர்மானிக்கப்பட்டன. 2025 ஜூலை 22 அன்று எல்லை 41,700 ஆனது, வேலையின் தரம் பட்டப்படிப்பு மட்டத்துக்கு உயர்த்தப்பட்டது, வெளிநாடுகளிலிருந்து பராமரிப்பு வேலையாட்களை எடுக்கும் வழியும் அடைக்கப்பட்டது. 2026 ஜனவரி 8 முதல் இந்த விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்போரிடம் பீ1 மட்டத்துக்குப் பதிலாக அதைவிட உயர்ந்த பீ2 மட்ட ஆங்கிலம் கேட்கப்படுகிறது. பெரும்பாலான மாற்றங்கள் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு ஏறத்தாழ 21 நாளில் நடைமுறைக்கு வருகின்றன. 21 நாள் என்பது, ஆவணங்கள் ஏற்கெனவே தயாராக இருப்பவருக்கு மட்டும் பயன்படும் அவகாசம். நியூசிலாந்து 2023 ஒக்டோபர் 9 அன்று 180 புள்ளி முறையையே கைவிட்டு, ஆறு புள்ளி முறைக்கு மாறியது. இளமாணிப் பட்டத்துக்கு 3, முதுமாணிக்கு 5, அங்கே வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1. இலங்கையில் செய்த வேலைக்கு அதில் புள்ளியே இல்லை.

விதி மாறாவிட்டாலும் குறையும் புள்ளி

கனடாவில் தனியாக விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 வயதுப் புள்ளிகள். 35இல் 77, 40இல் 50, 45இல் பூச்சியம். முப்பதுகளில் ஒவ்வொரு பிறந்தநாளும் ஐந்து அல்லது ஆறு புள்ளியைக் கொண்டுபோகிறது. 40க்குப் பிறகு ஆண்டுக்கு 11. அவுஸ்திரேலியாவில் இந்த இறக்கம் படிபோல வரும்: 25 முதல் 32 வரை 30 புள்ளி, 33ஆம் பிறந்தநாளில் 25, 40இல் 15. "அடுத்த வருடம் வெட்டுப்புள்ளி இறங்கும், பார்ப்போம்" என்று காத்திருப்பவர், அந்த இறக்கம் தன் வயது இறக்கத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

இந்த இழப்பை ஈடுகட்ட எல்லோர் கையிலும் உள்ள கருவி மொழிதான். அதன் பெறுமதி பலருக்கும் தெரியாத அளவுக்குப் பெரிது. ஓர் இளமாணிப் பட்டமும் இலங்கையில் மூன்று ஆண்டு அனுபவமும் உள்ள, தனியாக விண்ணப்பிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐ.ஈ.எல்.டி.எஸ். பொதுப் பிரிவில் கேட்டல் 7.5, மற்ற மூன்றும் 6.5 என்றால் அது கனடாவின் மொழி மட்ட அளவான சீ.எல்.பீ.யில் 8. ஒவ்வொரு திறனுக்கும் 23 புள்ளியாக மொத்தம் 92 புள்ளி. கேட்டல் 8, மற்றவை 7 ஆனால் சீ.எல்.பீ. 9, ஒவ்வொன்றுக்கும் 31 புள்ளியாக மொத்தம் 124. கதை அங்கே முடியவில்லை. மொழியோடு கல்வியையும், மொழியோடு வெளிநாட்டு அனுபவத்தையும் சேர்த்துத் தரும் புள்ளி 13உம் 25உமாக இருந்தது, 25உம் 50உமாக உயரும். மொத்தத்தில் அரை பாண்ட் உயர்வுக்கு 69 புள்ளி. இவற்றில் எழுத்து மட்டும் 6.5இல் நின்றுவிட்டால் 45 புள்ளி கைநழுவும். ஏனெனில் சேர்க்கைப் புள்ளிக்கு நான்கு திறனும் சீ.எல்.பீ. 9ஐ எட்ட வேண்டும். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் தடைபடுவது எழுத்துத்தான். ஆகவே நான்கு திறனையும் சமமாகப் படிப்பதைவிட, கடைசிப் பெறுபேற்றில் பின்தங்கிய ஒன்றில் ஆறு வாரம் செலவிடுவது நல்ல முதலீடு. கட்டுரையைத் திருத்தித் தர ஓர் ஆசிரியர் இருந்தால் இன்னும் நல்லது.

அவுஸ்திரேலியாவுக்குப் பி.ரி.ஈ. என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதுவோர் கவனிக்க வேண்டிய மாற்றம் 2025 ஆகஸ்ட் 7 அன்று வந்தது. 20 புள்ளி தரும் உயர் மட்டத்துக்கு முன்பு நான்கு திறனிலும் 79 போதும். அன்றிலிருந்து எழுதும் பரீட்சைகளுக்குக் கேட்டல் 69, வாசிப்பு 70, எழுத்து 85, பேச்சு 88. வாசிப்பில் சிரமப்பட்டவர்களுக்கு வழி இலகுவாகியது, பேச்சிலும் எழுத்திலும் இறுகியது. அந்தத் திகதிக்கு முன் எழுதிய பெறுபேறு பழைய அளவின்படியே மதிக்கப்படும், மூன்று ஆண்டு முடியும் வரை. புதிதாக எழுதியது வந்துவிட்டது என்று பழையதைக் கைவிட வேண்டாம். எது கூடுதல் புள்ளி தருகிறதோ அதைக் கொடுக்கலாம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கென்றே அவுஸ்திரேலியப் புள்ளி முறையில் ஒரு வாசல் உண்டு. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் அவுஸ்திரேலிய அமைப்பான நாட்டி நடத்தும் சீ.சீ.எல். என்ற வாய்மொழிபெயர்ப்புப் பரீட்சையில் சித்தியடைந்தால் 5 புள்ளி. இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 சொற்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் வாயால் பெயர்க்க வேண்டும். 90க்கு 63 வேண்டும், ஒவ்வோர் உரையாடலிலும் 45க்கு 29ஆவது வேண்டும். சிங்களத்திலும் எழுதலாம், ஆனால் புள்ளி ஒரு மொழிக்கு மட்டுமே. வீட்டில் தமிழ் பேசுபவரும் இதில் தவறுவதுண்டு. காப்புறுதி, வாடகை ஒப்பந்தம், நீதிமன்றம், மருத்துவம் பற்றிய சொற்களை நாம் அன்றாடம் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தத் துறைகளின் சொற்களைத் தமிழில் பழகிக்கொண்டு போக வேண்டும்.

கனடாவுக்கு அதே போன்ற வாசல் பிரெஞ்சு. ஆங்கிலத்தில் குறைந்தது சீ.எல்.பீ. 5உடன் பிரெஞ்சில் நான்கு திறனிலும் 7ஆம் மட்டம் எட்டியவருக்கு மேலதிகமாக 50 புள்ளி. அதைவிடப் பெரிது, பிரெஞ்சு தெரிந்தோருக்கான தனிச் சுற்று. 2025 மார்ச் 21இல் நடந்த அத்தகைய சுற்றில் வெட்டுப்புள்ளி 379 ஆக இருந்தது. பொதுச் சுற்று ஒன்றில் 2024 ஏப்ரலில் அது 529. இந்த இடைவெளி கவர்ச்சியானது. ஆனாலும் பூச்சியத்திலிருந்து 7ஆம் மட்டத்துக்கு வேலையோடு படித்துப் போக ஒன்றரை ஆண்டாவது வேண்டும். 27 வயதுக்காரருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். 38 வயதுக்காரர், படித்து முடியும்போது தன் வயதுப் புள்ளி எங்கே நிற்கும் என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

வேலைச் சான்று: கொழும்பில் உடையும் இடம்

கொழும்பு நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு தரும் சேவைக் கடிதம் பெரும்பாலும் மூன்று வரி. பெயர், பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, "எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." கனடாவுக்கு இது போதாது. நிறுவனத்தின் கடிதத் தாளில் கடமைகள், வாராந்த வேலை நேரம், சம்பளமும் சலுகைகளும், திகதிகள், பொறுப்பானவரின் பெயர், பதவி, கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டும். கடமைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கனடா ஒவ்வொரு தொழிலுக்கும் தரும் குறியீடு பதவிப் பெயரால் தீர்மானிக்கப்படுவதில்லை. "எக்சிகியூட்டிவ்" என்ற பதவிப் பெயரின் கீழ் கொழும்பில் கணக்கு எழுதுபவரும் இருக்கிறார், விற்பனை செய்பவரும் இருக்கிறார்.

கடமை எழுதிய கடிதம் விதி மாற்றத்தையும் தாங்கும். 2022 நவம்பர் 16 அன்று கனடா தன் தொழில் வகைப்பாட்டையே மாற்றியது. பஸ் சாரதிகள், தாதி உதவியாளர்கள் உட்பட 16 தொழில்கள் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் புதிதாக வந்தன, தையற்காரர் உட்பட மூன்று வெளியே போயின. பலருக்குக் குறியீட்டு இலக்கம் நாலிலிருந்து ஐந்து இலக்கமாகி, ஒரு பழைய வகை இரண்டாகவும் பிரிந்தது. கடமைகளை விபரமாக எழுதிய கடிதம் வைத்திருந்தவர் புதிய குறியீட்டைத் தெரிந்தெடுத்து அதே கடிதத்தைப் பயன்படுத்தினார். பதவிப் பெயர் மட்டும் உள்ள கடிதத்தோடு நின்றவர், விலகி வந்த பழைய கம்பனியின் வாசலுக்கு மீண்டும் போக வேண்டியிருந்தது. ஆகவே வேலையை விட்டு விலகும் வாரத்திலேயே, வெளிநாடு போகும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடமைக் கடிதத்தை வாங்கிவிட வேண்டும். குறியீட்டு விளக்கத்தில் உள்ள வசனங்களை அப்படியே இறக்கி எழுதுவது தவறு; அதிகாரிகள் அந்த வசனங்களை நாள்தோறும் படிக்கிறவர்கள். என்ன மென்பொருள், எத்தனை பேர் கொண்ட குழு, எந்த வகைத் திட்டம் என்று உங்கள் வேலையை உங்கள் வேலையாகவே எழுத வேண்டும்.

கடிதத்துக்குத் துணைச் சான்று ஊழியர் சேமலாப நிதி. ஊழியர் 8, முதலாளி 12 சதவீதம் என்ற கணக்கில் மாதாமாதம் கட்டிய பதிவு, வேலை உண்மையில் நடந்தது என்பதற்கு நல்ல அத்தாட்சி. சிக்கல் எங்கே வருகிறது? சில தனியார் நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் சேமலாப நிதி கட்டி, மீதியைக் கொடுப்பனவு என்று வங்கியில் போடுகின்றன. கடிதத்தில் 180,000 ரூபா, சேமலாப நிதிப் பதிவின்படி 70,000 ரூபா என்றால் பரிசீலிப்பவர் மனத்தில் சந்தேகம் எழும். அடிப்படை எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று கடிதத்திலேயே பிரித்து எழுதச் செய்து, வங்கிக் கூற்றையும் வருமான வரி கழித்த பத்திரத்தையும் இணைத்தால் அது தீரும். புறக்கோட்டைக் கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் கையில் சம்பளம் வாங்கி, சேமலாப நிதியே இல்லாமல் வேலை செய்தவர்களுக்கு நிலைமை கடினம். முன்னாள் மேலாளரின் சத்தியக்கடதாசி உதவும், ஆனால் அது தனியே நின்று பாரம் தாங்காது. அந்த ஆண்டுகளுக்குப் புள்ளி கோராமல் விடுவதே சில வேளை பாதுகாப்பு.

பெயர் இன்னொரு தலையிடி. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் தனி நிரலில், கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயராக, பட்டச் சான்றிதழில் வெறும் முதலெழுத்தாக இருப்பது தமிழ்க் குடும்பங்களில் வழமை. ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி. மூன்றும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எல்லா ஆவணத்துக்கும் கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலையே அடிப்படையாகக் கொடுத்துவிட வேண்டும். மொழிப் பரீட்சைக்குப் பதியும்போதும் அதே பெயர்.

காசு

கனடாவின் திறன்சார் பிரிவுக்குக் குடியேறும் செலவுக்கான பணம் காட்ட வேண்டும், அதன் அளவு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. நகையும் காணியும் கணக்கில் வரா, கடன் வாங்கிய பணமும் வராது. வங்கிக் கடிதத்தில் ஆறு மாத சராசரி மீதியும் நிலுவைக் கடன்களும் கேட்கப்படும். கடைசி மாதத்தில் மாமா போட்ட பெருந்தொகை அந்தச் சராசரியில் தெளிவாகத் தெரியும், அதற்கு அன்பளிப்புக் கடிதம் வேண்டும். 2022இல் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா அளவுக்குப் போனபோது, ரூபாவில் சேமித்துத் தகுதி பெற்றிருந்த குடும்பங்கள் ஒரு மாதத்துக்குள் தகுதி இழந்தன. கனடா எந்த விதியையும் மாற்றவில்லை. தேவையான தொகைக்கு மேல் நல்லதொரு மேலதிகத்தை வைத்திருக்க வேண்டும். முடிந்தால் ஒரு பகுதியை வெளிநாட்டு நாணயக் கணக்கில்.

ஆவணங்களை எந்த ஒழுங்கில் எடுப்பது என்பதற்கு ஆயுள்காலமே வழிகாட்டி. ஐந்து ஆண்டு நிற்கும் கல்வி மதிப்பீட்டை முதலில் தொடங்கலாம். பல்கலைக்கழகத்திலிருந்து பெறுபேற்றுப் பத்திரம் நேரடியாகப் போய்ச் சேர எடுக்கும் காலம் நம் கையில் இல்லை. ஆகவே அது முதலில். அடுத்தது வேலைக் கடிதங்கள். பின்னர் மொழி. கடவுச்சீட்டில் எஞ்சிய ஆயுளையும் இந்த இடத்தில் பார்த்துவிட வேண்டும். பொலிஸ் ரிப்போர்ட், வசிக்கும் நாட்டுக்கு ஆறு மாத ஆயுள் மட்டுமே உள்ளதால், கடைசியில். ஆனால் மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியவர்கள் அந்த நாடுகளின் பொலிஸ் ரிப்போர்ட்டை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம்: அங்கிருந்து நிரந்தரமாக வந்த பிறகு எடுத்தது என்றால், மீண்டும் போகாதவரை அது செல்லும்.

முகவர் வழியாகப் போவது குற்றமல்ல. கனடாவுக்கென்றால் அங்கே குடியேற்ற ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும், 'கொலிஜ்' எனப்படும் அமைப்பின் உரிமம், அவுஸ்திரேலியாவுக்கென்றால் அங்கே பதிவு பெற்ற முகவர் இலக்கம் என்பவற்றைக் கேட்டு, இணையத்தில் நீங்களே சரிபார்க்க வேண்டும். காலி வீதி அலுவலகச் சுவரில் தொங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக உரிமம் ஆட்களை வேலைக்கு அனுப்புவதற்கானது, குடியேற்ற ஆலோசனைக்கானது அல்ல. கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்க வேண்டும். முகவரின் மின்னஞ்சலுக்கு வந்த அழைப்பை அவர் பார்க்காமல் 60 நாள் கடந்தால் இழப்பு உங்களுடையது. பொய்ச் சான்று வைக்கப்பட்டால் கனடாவில் ஐந்து ஆண்டுத் தடையும் உங்கள் பெயருக்கே வரும், "எனக்குத் தெரியாது" என்பது விடையாகாது.

அழைப்பு வந்த நாளில் முதல் வேலை, கையில் உள்ள ஆவணங்களால் மட்டும் நிரூபிக்கக்கூடிய புள்ளியை மீண்டும் கூட்டிப் பார்ப்பது. திருமணம், வேலை மாற்றம், காலாவதியான பெறுபேறு எதனாலும் அது அந்தச் சுற்றின் வெட்டுப்புள்ளிக்குக் கீழ் போயிருந்தால் சமர்ப்பிக்கவே கூடாது. கனடாவில் அழைப்பை நிராகரித்தால் தண்டனை இல்லை, சுயவிபரம் மீண்டும் பட்டியலுக்குள் போகும். பதிலே சொல்லாமல் விட்டால் அந்தச் சுயவிபரம் போய்விடும், புதிதாகத் தொடங்க வேண்டும். அவுஸ்திரேலியாவில், யாருடைய அனுசரணையும் இல்லாமல் விண்ணப்பிக்கும் 189 விசாப் பிரிவில் இரண்டு அழைப்புகளை விண்ணப்பிக்காமல் விட்டால் பதிவு அகற்றப்படும். அழைப்பின் 60 நாளுக்குள் பதிவில் எதையும் திருத்தவும் இயலாது. திருத்தம் எதுவாயினும் அடுத்த சுற்றுக்கு முன், இன்றைக்கே.